நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்காத குளிர்

தலைமை அலுவலகத்தின் கடிதம் வந்தபோது அவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். காலை நேரத்து வானிலைப் பலூனை வானத்தில் விட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. நிலைய அதிகாரி கடிதத்தைக் கையில் கொடுக்கவில்லை. அவளுடைய மேசையில், மைக்குப்பிக்குப் பக்கத்தில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஊரில் சூரியன் குளிர்காலத்தில் இரண்டு மாதம் தலைகாட்டாது. காலை பத்து மணிக்கும் ஜன்னல் கரும்பலகைதான்.

அவள் நின்றபடியே படித்தாள். ஒரு தடவை படித்துப் புரியவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை படித்தாள். முதல் தடவையே புரிந்துதான் இருந்தது; நம்பத்தான் முடியவில்லை.

இருபத்திரண்டு வருடப் பதிவுகளைத் தலைமை அலுவலகம் தொகுத்துப் பார்த்ததாம். மேல்வளியின் நடுமட்டத்தில், அதாவது காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதியாகக் குறையும் உயரத்தில், குளிர்கால வெப்பநிலை மைனஸ் நாற்பத்தைந்துக்குக் கீழே போனதாக ஒரு பதிவுகூட இல்லையாம். குளிர்காலம் தொடங்கியதும் மடமடவென்று இறங்கும் எண், அந்த இடத்தில் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடுகிறதாம். "இயற்கையில் இத்தகைய ஒழுங்கு காணப்படுவதில்லை. ஊழியர், கருவியின் வரைசுருளைப் படிக்காமல், இருக்கையில் அமர்ந்தவாறே எண்களைக் கற்பனையாக நிரப்பியிருக்கலாம் என்று ஐயுறப்படுகிறது. குறைந்த கல்வித் தகுதி கொண்ட ஊழியரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டதும் ஆராயப்படும்." விசாரணை முடியும்வரை அவள் நிலைய வளாகத்துக்குள் வரக் கூடாது.

"இருக்கையில் அமர்ந்தவாறே" என்ற இடத்தில் அவள் விரலை வைத்தாள். இடது கைச் சுண்டுவிரல். அதற்கு நுனி இல்லை.

அந்த நுனி போனது ஒன்பதாவது குளிர்காலத்தில். பலூன் மேலே கிளம்புகிற நேரத்தில், கருவிப்பெட்டி தொங்குகிற நூல் கைப்பிடிக் கம்பியில் சுற்றிக்கொண்டது. கையுறையோடு அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. கழற்றினாள். நான்கு நிமிடம். பலூன் நேரத்துக்குப் போனது. விரல்நுனி மூன்று வாரம் கழித்துப் போனது. மருத்துவமனையில் கட்டுப் போட்ட நர்ஸ், "வேலைக்காக விரலைக் குடுத்தியாம்மா?" என்று கேட்டதற்கு, "முழுசாக் கேக்கலையே, நுனியோட விட்டாங்களே" என்று சிரித்தவள் அவள்.

அன்று சிரித்தவளுக்கு இன்று உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது.

"சார்," என்றாள். "பதினாலு வருஷமா ஒவ்வொரு தாள்லயும் கீழ உங்க கையெழுத்து இருக்கே."

அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "நான் மேற்பார்வைக் கையெழுத்துதாம்மா போடுறேன். படிக்கிறது நீதானே?"

"சுருளை வச்சுச் சரிபார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் ஜன்னலில் படிந்த பனியை நகத்தால் சுரண்டினார். அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. இந்த நிலையத்துக்கு வந்த பதினான்கு வருடமாக இந்த மனிதர் ஒரு சுருளைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. டீ ஆறுவதற்குள் முப்பது தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே சார். இவ அப்படிப்பட்டவ இல்லைன்னு."

"சொல்லலாம். சொன்னா என்னையும் சேர்த்துக் கேப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு. என் நிலைமையையும் கொஞ்சம் யோசி."

அவள் யோசிக்கவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை அவள் அறைந்த அறையில், கூரைவிளிம்பில் தொங்கிய பனிக்கூர் ஒன்று உடைந்து விழுந்தது.

அவள் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை என்பது உண்மைதான். பத்தாவது முடித்துவிட்டு மீன் பதப்படுத்தும் ஆலையில் பெட்டி எண்ணும் வேலைக்குப் போனாள். எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மேற்பார்வையாளர் இரண்டு தடவை எண்ணி வருகிற தொகையை அவள் நடந்துபோகிற போக்கில் சொல்லிவிடுவாள். வானிலை நிலையத்துக்குப் பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து தேர்வு எழுதினாள். ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகு நாள் தவறாமல் காலையும் மாலையும் பலூன்.

நிலையத்தில் மூன்றே பேர். நிலைய அதிகாரி, அவள், பலூனுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் வாயுக்காரர். வாயுக்காரர் அறுபதை நெருங்கியவர், வாய் ஓயாதவர். தூரத்துக் கொட்டகையில் பலூனை ஆள் உயரத்துக்கு மேல் ஊதிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பார். அவள் அதன் கழுத்தில் கருவிப்பெட்டியைக் கட்டி, காற்றின் போக்குப் பார்த்து, ஓடி, விடுவாள். பலூன் ஏற ஏற, பெட்டி வானொலியில் முணுமுணுக்கும். நிலையத்துக்குள்ளே ஒரு பேனாமுனை காகிதச் சுருளில் கோடு இழுக்கும். அந்தக் கோட்டின்மேல் கண்ணாடி அளவுகோலை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று படித்து எழுத வேண்டும். தெருவில் அவளுக்குப் பலூன்காரி என்று பெயர். குழந்தைகள் வண்ணப் பலூன் கேட்டு வாசலுக்கு வந்த காலமும் உண்டு.

நிலையத்திலிருந்து அவளை வெளியே அனுப்பிய பிறகு அந்தத் தெரு வேறு மாதிரி பேசத் தொடங்கியது.

கணவர் துறைமுகத்தில் பனி உடைக்கும் இழுவைப்படகில் எஞ்சின் மெக்கானிக். அதிகம் பேசாதவர். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். "சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பாடு ஒண்ணுதான் குறைச்சல்! என்னைத் திருடின்னு எழுதியிருக்கான், நீங்க சாப்பிட்டியான்னு கேக்குறீங்க!"

"திருடின்னு எழுதலையே."

"இதுக்கு வேற என்னங்க பேரு? காசைத் திருடினாத்தான் திருட்டா? இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள்கூடப் பொய்யா ஒரு புள்ளி வைக்கல. காய்ச்சலோட எந்திரிச்சுப் போயிருக்கேன். உங்க அப்பா செத்த அன்னைக்குச் சாயங்காலம் போயிருக்கேன். மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. அந்த நாளைப் பற்றி அவருக்கும் அவள்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆனால் அதை எடுத்துப் பேச இது நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அவள் சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். ஒரு தட்டில் விரிசல் விழுந்தது.

நான்காம் நாள் நாத்தனார் வந்தாள். அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருந்தவள். ஊர்ச் செய்தி எல்லாம் அவள் கடையில் அளவெடுத்து, வெட்டி, தைத்துத்தான் வெளியே போகும். அனுதாபம் சொல்ல வந்தவள்போல உட்கார்ந்து, கொஞ்ச நேரம் உச்சுக்கொட்டிவிட்டு, கடைசியில் வந்த வேலையைத் தொடங்கினாள்.

"நான் உங்களைச் சொல்லல அண்ணி. ஆனா கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க. நெருப்பில்லாமப் புகையுமான்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"புகையும்னு சொல்லு," என்றாள் அவள். "நெருப்பே இல்லாமப் புகையும். நம்ப முடியலைன்னா கடல்ல போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு. போ, எந்திரி. கடையைத் திற. ஊருக்குத் துணி தைக்கிற வேலையைப் பாரு, உன் வாயைத் தைக்கிற வேலையை எனக்கு வச்சுடாத."

நாத்தனார் முகம் சுண்டிப் போய் வெளியேறினாள். அவள் அதே இடத்தில் நின்றாள். கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனால் சொன்ன பிறகு அது தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கடல் புகைவதை அந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. விரிகுடா முழுவதும் உறைந்து கிடக்கும்; அதைத் தாண்டி, பனிவிளிம்புக்கு அப்பால், கடல் திறந்து கிடக்கும். அங்கே தண்ணீருக்கு மேலே வெள்ளைவெள்ளையாகப் புகை எழும். அடுப்பில் வைத்த அண்டாபோல. அதைத் தினமும் பார்த்தவள்தான் அவள். தினமும் பார்ப்பதை யார் யோசிக்கிறார்கள்?

மறுநாள் காலை கணவர் கிளம்பும்போது அவளும் மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"எங்க?"

"உங்க படகுலதான். பனிவிளிம்பு வரைக்கும்."

"அங்க என்ன இருக்கு?"

"புகை இருக்கு."

கேப்டனிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ, அவளுக்குத் தெரியாது. எஞ்சின் அறைக்கு மேலே, வெதுவெதுப்பான இரும்புத் தகட்டின்மேல் இரண்டு மணி நேரம் நின்றாள். படகு பனியை நொறுக்கிக்கொண்டு போனது. நண்பகல் நெருங்கியபோது தெற்கே வானத்தின் ஓரம் மட்டும் வெளிறி, பொருள்களுக்கு உருவம் கிடைத்தது. அப்போது பனி முடிந்து தண்ணீர் தொடங்கியது. தண்ணீரிலிருந்து புகை எழுந்து சுருண்டது. சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தூண்களாகின. தூண்களுக்கு மேலே மேகம். அது தட்டையாகப் படுத்துக் கிடக்கிற மேகம் இல்லை. கோடைகாலத்து இடிமேகம்போலப் பொங்கிப் பொங்கி மேலே போகிற மேகம். அதிலிருந்து பனி கொட்டியது.

இந்தக் குளிரில் பொங்குவதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர் இருக்கிறது. உப்புத் தண்ணீர் கிட்டத்தட்ட மைனஸ் இரண்டில் உறையும். உறையாமல் திறந்து கிடக்கிற கடல் அதைவிடக் குளிராக இருக்க முடியாது. அதன்மேல் வந்து படுகிற காற்றோ மைனஸ் முப்பது. அந்தக் காற்றுக்கு இந்தத் தண்ணீர் கொதிக்கிற அண்டாதான்.

அவள் படகின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் எழுதிய ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. நடுமட்டத்தில் குளிர் ஏன் நாற்பத்தைந்தை ஒட்டி நின்றுவிடுகிறது, கருவியில் ஏதேனும் கோளாறா, இல்லை இதற்குக் காரணம் உண்டா, தெரிவிக்கவும் என்று தலைமை அலுவலகத்துக்கு அவளே எழுதிய கடிதம். பதில் வரவில்லை. நினைவூட்டி ஒன்று எழுதினாள். அதற்கும் வரவில்லை. கேட்டவளுக்குப் பதில் சொல்லாதவர்கள், கேட்டதையே இப்போது குற்றமாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை. துடைத்தால் இமை ஒட்டிக்கொள்ளும்.

அன்று மாலையே வாயுக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். அவர் மேலங்கிக்குள் ஒரு கட்டுத் தாள்களை மறைத்துக்கொண்டு வந்தார். மேலே போகிற காற்று எப்படிக் குளிரும் என்று சாய்கோடுகள் அச்சிட்ட வரைதாள்கள். நிலையத்தில் தினமும் பயன்படுத்துவதுதான்.

"தங்கச்சி, இந்த வயசுல என்னையும் திருடனாக்கிட்ட," என்று சொல்லி மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு சேதி. இப்ப சுருளை அதிகாரிதான் படிக்கிறாரு. வேற வழி? முதல் நாள் என்னை அளவுகோலைப் பிடிக்கச் சொன்னாரு. எண்ணைக் காதாரக் கேட்டேன். நாப்பத்திநாலு."

"அப்ப அவருக்கே தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சுது. முகம் வெளுத்துப் போச்சு. அப்புறம் என்னை வெளியே போகச் சொல்லிட்டாரு. தினமும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் எழுதுறாரு."

"தலைமை அலுவலகத்துக்குச் சொன்னாரா?"

வாயுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அந்த மனுஷன் கிணத்துல விழுந்தாக்கூட மேலிடத்து உத்தரவு வர்ற வரைக்கும் கத்தமாட்டாரு."

அவர் போன பிறகு அவள் வரைதாளை விரித்தாள். கடல்மட்டத்தில் மைனஸ் இரண்டில் பென்சிலை வைத்தாள். ஈரக்காற்று மேலே போகிற கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போகப் போகக் காற்று விரியும், விரியும்போது குளிரும். ஆனால் குளிரும்போது அதிலுள்ள ஈரம் பனியாகி, தன் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் கண்டபடி இறங்காது; ஒரு கணக்கோடுதான் இறங்கும். நடுமட்டத்துக்கு வந்தபோது பென்சில் நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் நின்றது.

கணவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இதான் அந்த எண்ணா?"

"இதான். மேல இருக்கிற காத்து இதைவிடக் குளிர்ந்தா, கீழ கடல்ல சூடான காத்து அதைவிட லேசாயிடும். தக்கை மாதிரி மேல போய் அதைச் சூடாக்கிடும். அதுக்கு மேல குளிர விடாது. இதை நான் பதினொரு வருஷத்துக்கு முன்னாடியே பாத்திருக்கலாம். தாள் கையிலதான் இருந்துச்சு."

"அப்ப உனக்கு உன்மேலயும் கோவமா?"

"இல்லாம? வரிசையா நிக்கட்டும். எல்லாருக்கும் உண்டு."

விசாரணை மூன்றாவது வாரம் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் புள்ளிவிவரப் பிரிவைச் சேர்ந்தவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். அடிக்கடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய பழைய மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். நிலைய அதிகாரி பக்கத்தில். அவளுக்கு எதிரே ஒரு முக்காலி. கணவர் நடையில் நின்றார். வாயுக்காரர், கூப்பிடாமலே, கதவோரம் நின்றார்.

"கோபப்படாமக் கேளுங்கம்மா," என்று தொடங்கினார் வந்தவர்.

"அதை மட்டும் கேக்காதீங்க சார். மத்ததைக் கேளுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு மாசம் வெயில் இல்லை. பூமி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கிட்டே இருக்கு. வரவு இல்லாம செலவு மட்டும். அப்ப காத்து குளிர்ந்துக்கிட்டே போகணும். ஒரு வருஷம் நாப்பத்தேழு, ஒரு வருஷம் அம்பதுன்னு போகணும். உங்க தாள்ல மட்டும் எல்லா வருஷமும் ஒரே இடத்துல நிக்குது. இதை நீங்க எப்படி விளக்குவீங்க?"

"விளக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்." அவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய கடிதமும் நினைவூட்டலும்; ஒப்புகைக்காகத் திரும்பி வந்த நகல்கள். இரண்டிலும் தலைமை அலுவலகத்தின் வரவு முத்திரை இருந்தது. "நீங்க இப்பக் கேக்குற அதே கேள்வி. நான் கேட்டது. பொய் எழுதுறவ தன் பொய்யை எடுத்துக்கிட்டுப் போய் 'இது ஏன் இப்படி இருக்கு'ன்னு மேலிடத்தையே கேப்பாளா?"

அவர் இரண்டு கடிதங்களையும் நிதானமாகப் படித்தார். முகத்தில் ஏதோ மாறியது. ஆனாலும் விடவில்லை. கோப்பிலிருந்து வேறொரு தாளை எடுத்தார்.

"சரி. ஆனா இதுக்கு என்ன சொல்றீங்க? நீங்க போன பிறகு இருபது நாள் பதிவு. நாப்பத்தேழு. நாப்பத்தெட்டு. ஒரு நாள் நாப்பத்தொம்பது. நீங்க இருந்தப்ப இருபத்திரண்டு வருஷம் போகாத எண், நீங்க போனதும் ஒரே வாரத்துல போகுது."

கதவோரம் வாயுக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அவள் நிலைய அதிகாரியைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த காகிதக் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. மேலிடம் எதை எதிர்பார்க்கிறதோ அதை எழுதி அனுப்பியிருக்கிறார் இந்த மனிதர். இருபத்திரண்டு வருடத்தில் இந்த நிலையத்திலிருந்து போன முதல் பொய்.

கத்துவாள் என்று கணவர் நினைத்தார். அவள் கத்தவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். சுருள்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தேதிவாரியாக அடுக்குவது அவள் பழக்கம். கடைசி இருபது நாள் சுருள்கள் தாறுமாறாகத் திணித்துக் கிடந்தன. நாற்பத்தொன்பது என்று அதிகாரி எழுதிய நாளின் சுருளை எடுத்து, விசாரணைக்கு வந்தவர் முன்னால் பிரித்துப் போட்டாள். கண்ணாடி அளவுகோலை நீட்டினாள்.

"படிங்க சார்."

"எனக்கு இது படிச்சுப் பழக்கம் இல்லை."

"தெரியும். இருபத்திரண்டு வருஷத்து எண்ணை வச்சு என்னைப் பொய்க்காரின்னு எழுதினீங்க. அந்த எண் எங்கேயிருந்து வருதுன்னு ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. இதுதான் அழுத்தக் கோடு. பாதி இங்க இருக்கு. அளவுகோலை இங்க வைங்க. நேரா. கீழ வெட்டுற எண் என்ன?"

அவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"நாப்பத்திநாலு... நாலரை."

"அடுத்த சுருளை எடுங்க."

ஆறு சுருள்கள் படித்தார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, மறுபடி நாற்பத்து நாலரை. ஏழாவதை எடுக்கப் போனவர் நிறுத்திவிட்டு நிலைய அதிகாரி பக்கம் திரும்பினார்.

"என்ன சார் இது?"

நிலைய அதிகாரி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் கண் கொஞ்சம்... வயசாகுதில்ல... படிக்கிறதுல தப்பு வந்திருக்கலாம்."

"இருபது நாளும் ஒரே பக்கமா தப்பு வருமா?" என்று கதவோரத்திலிருந்து வாயுக்காரர் கேட்டார். "காதாரக் கேட்டேன் சார், நாப்பத்திநாலுன்னு அவரே வாயால சொன்னதை. அதை மேலிடத்துக்குச் சொல்லாததுக்கு நானும் ஒரு கோழைதான். இப்பச் சொல்லிட்டேன். எழுதிக்குங்க."

அதற்குப் பிறகுதான் அவள் வரைதாளை விரித்தாள். கடல், புகை, பொங்குகிற மேகம், நாற்பத்தைந்தை ஒட்டி வந்து நிற்கும் பென்சில் கோடு எல்லாம் சொன்னாள். வந்தவர் குறுக்கிட்டுக் கேட்டார்: "சரி, நிலத்துக்கு மேலயும் உறைஞ்ச கடலுக்கு மேலயும் இருக்கிற காத்துக்கு யார் சூடு குடுப்பா?"

"காத்து ஒரே இடத்துல குடியிருக்குமா சார்? துருவத்தைச் சுத்திக்கிட்டே இருக்கு. குளிர்றதுக்கு ரெண்டு வாரம் வேணும். அதுக்குள்ள எங்கேயாவது திறந்த தண்ணிக்கு மேல போயிடுது. போன இடத்துல மறுபடி சூடாயிடுது. நாப்பத்தஞ்சுக்குக் கீழ போறதுக்கு அதுக்கு அவகாசமே கிடைக்கல. நான் சொல்றதை நம்ப வேண்டாம். மத்த நிலையத்துத் தாளை எடுத்துப் பாருங்க. நீங்க என்னுடையதை மட்டும்தானே எடுத்தீங்க?"

"ஆமா," என்றார் அவர். "உங்க தாள்தான் விடுபடாம முழுசா இருந்தது. அதனாலதான் முதல்ல எடுத்தோம்."

அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. ஒழுங்காக வேலை செய்ததால்தான் அகப்பட்டிருக்கிறாள். அரைகுறையாகச் செய்தவர்கள் எல்லாரும் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

விசாரணைக்கு வந்தவர் ஊருக்குத் திரும்பி, துருவத்தைச் சுற்றியிருந்த மற்ற நிலையங்களின் பதிவுகளை வரவழைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கதைதான். அரிதாக ஒருநாள் இரண்டுநாள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மற்றபடி அதே இடத்தில் நின்றது. ஐந்து வாரம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. "நடவடிக்கை கைவிடப்படுகிறது. ஊழியர் உடனே பணிக்குத் திரும்பலாம்."

கணவருக்குச் சந்தோஷம். நாத்தனார் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தாள். ஆனால் கடிதம் பெற்றவளோ அதை ஏற்றுக்கொண்டதாகக் கீழே கையெழுத்துப் போட மறுத்தாள்.

"கைவிடப்படுகிறதுன்னா என்ன? சலிச்சுப்போய் விட்டுட்டாங்களா? இரக்கப்பட்டு விட்டாங்களா? குற்றம் இல்லைன்னு எழுதச் சொல்லுங்க."

"அண்ணி, வேலை கிடைச்சா சரிதானே? ஒரு வார்த்தைக்காகவா?"

"ஒரு வார்த்தையிலதானே என்னை வெளியே அனுப்பினாங்க?"

கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது கடிதத்தில் "போதிய ஆதாரம் இல்லை" என்று வந்தது. அதையும் திருப்பினாள். அதுவரை வேலை இல்லை, சம்பளம் இல்லை. கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் படகில் ஞாயிற்றுக்கிழமை வேலையும் எடுத்துக்கொண்டார். வசந்தம் வந்து விரிகுடாவில் பனி வெடிக்கத் தொடங்கியபோது மூன்றாவது கடிதம் வந்தது. "ஊழியர் மீது குற்றம் ஏதும் இல்லை. அவருடைய பதிவுகள் சரியானவை." அவள் மூன்று தடவை படித்தாள். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. அதற்கும் ஒரு சண்டை போடலாமா என்று யோசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலைப் பலூனுக்குப் போனாள்.

நிலைய அதிகாரிமேல் நடவடிக்கை எதுவும் இல்லை. "கண்பார்வைக் குறைவால் ஏற்பட்ட பிழை" என்று கோப்பை மூடிவிட்டார்கள். புதுக் கண்ணாடிக்கு அனுமதிகூட வந்தது. ஒன்றரை வருடம் அவரும் அவளும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அவள் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு தாளோடும் சுருளையும் சேர்த்து அவர் மேசையில் வைப்பாள். அவர் படித்து முடித்துக் கையெழுத்துப் போடும்வரை பக்கத்திலேயே நிற்பாள். டீ ஆறும்.

அவர் ஓய்வு பெற்று ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில் அவள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக. கணவர் நாற்காலி போட்டார். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொப்பியை முழங்காலில் வைத்து அதையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சது தப்புதாம்மா," என்றார் கடைசியில். "பயந்துட்டேன். அவ்வளவு பேர் படிச்சவங்க சொல்லும்போது, என் கண்ணு பார்த்ததை நானே நம்பல. என் நிலைமை உனக்குப் புரியும்னு நினைக்கிறேன்."

"புரியுது சார்," என்றாள் அவள். "நல்லாவே புரியுது. புரியாம இருந்திருந்தா கோவம் எப்பவோ போயிருக்கும்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, கணவருக்கு மட்டும் கை கொடுத்துவிட்டுப் போனார். டீயைத் தொடவில்லை.

"பெரியவரு. வீடு தேடி வந்திருக்காரு," என்றார் கணவர், கதவைச் சாத்தியபடி. "நல்லதா ஒரு வார்த்தை குடுத்திருக்கலாம்."

"இருந்தாக் குடுத்திருப்பேங்க," என்று சொல்லிவிட்டு, அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.